தண்டாலும் பஸ்கியும் டோக்கியோ போன கதை

டோக்கியோவில் பின்னேரம் ஆறரைக்கு மணி அடித்து மல்யுத்த ஆட்டம் தொடங்கினால், நோர்வேயின் லில்லெஸ்ட்ரோமில் குளிர்காலக் காலை பத்தரை. ஞாயிற்றுக்கிழமை என்றால் மருமகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். வந்தவன் முதல் இரண்டு ஆட்டத்தையும் தள்ளிவிட்டு நேரே பெரிய தலைகளுக்குப் போகப் பார்ப்பான். நான் விடமாட்டேன்.

"மாமா, இதில என்ன கிடக்கு? ரெண்டு பேருக்கும் கறுப்புக் கழிசான், ரெண்டு பேருக்கும் ஒட்ட வெட்டின தலை. ஆர் ஆரெண்டே தெரியேல்லை."

"அதைத்தான் பார் எண்டுறன்."

நியூ ஜப்பான் மல்யுத்தக் கழகத்தில் தொழில் பழகும் இந்தப் புதுப் பையன்களுக்கு 'இளஞ்சிங்கம்' என்று பெயர். பெயரில் மட்டும்தான் சிங்கம். வெறும் கறுப்பு ஜட்டி, கறுப்புச் சப்பாத்து. பட்டப்பெயரும் அலங்கார அங்கியும் கிடையாது. முதல் ஆட்டத்தில் வந்து தோற்றுவிட்டுப் போக வேண்டும். பிடிகளும் அளந்துதான் கொடுக்கப்பட்டிருக்கும். தூக்கி நிலத்தில் போடலாம், எழும்பிப் பாய்ந்து இரு காலாலும் நெஞ்சில் உதைக்கலாம், எதிராளியைக் குப்புறப் புரட்டி இரண்டு காலையும் கக்கத்தில் இடுக்கி முதுகை வில்லாக வளைக்கலாம். பெரும்பாலான இளஞ்சிங்க ஆட்டங்கள் இந்தக் கடைசிப் பிடியில், 'பாஸ்டன் கிராப்' என்பார்கள், முடிந்துபோகும். கயிற்றைப் பிடித்துவிட்டால் தப்பலாம். கயிறோ ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அந்த ஒரு சாணை நகர்ந்து கடக்கப் பையன் படுகிற பாட்டில்தான் கூட்டம் அவனை முதன்முதலாகக் கவனிக்கிறது. வேறு எதையும் வைத்துக் கவனம் பெற அவனுக்கு அனுமதி இல்லை. இதைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்.

யார் வெல்வது என்பது முன்கூட்டியே பேசி வைத்ததுதான். அது தெரியாமல் யாரும் இப்போது பார்ப்பதில்லை. வீமன் துரியோதனனைக் கொல்லுவான் என்று தெரிந்துகொண்டுதானே விடிய விடிய இருந்து கூத்துப் பார்த்தோம்.

லில்லெஸ்ட்ரோம் கண்காட்சி மண்டபங்களில் மேடை பொருத்துவதும் கழற்றுவதும்தான் எனக்குப் பல வருடமாகச் சோறு. அதனால் ஆட்டத்தை விட ஆட்டக்களம் எப்படி எழும்புகிறது என்பதில்தான் என் கண் முதலில் போகும். நாலு இரும்புத் தூண், குறுக்கே உத்திரங்கள், அதன் மேல் பலகை, பலகைக்கு மேல் மெல்லிய மெத்தை, அதை மூடி இழுத்துக் கட்டிய கான்வாஸ், மூன்று சுற்றுக் கயிறு. லொறியிலிருந்து இறக்கிப் பூட்டுகிற ஆட்களோடு இந்தப் பையன்களும் நிற்பார்கள். இரவு அந்தப் பலகையில்தான் விழப்போகிறார்கள். பெரியவர்களின் பெட்டியைத் தூக்குவது, களத்துக்கு வெளியே ஐஸ் மருந்தோடு காத்து நிற்பது, பார்வையாளர் எறியும் காகித நாடாக்களைக் கூட்டி அள்ளுவது எல்லாம் அவர்களின் வேலைதான். தங்கிப் பழகும் விடுதியில் கூட்டல், துடைத்தல், உடுப்புத் தோய்த்தல், சமையல் வேறு. சமையல் என்றால் 'சாங்கோ': ஒரே பெரிய சட்டியில் கோழியோ மீனோ மரக்கறியோடு தோஃபுவும் போட்டு அவிக்கும் குழம்பு. மூத்தவர்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகு மிச்சம் சமைத்தவனுக்கு.

இது முழுக்கச் சுமோக்காரரின் வழக்கம். அதைத் தொழில்முறை மல்யுத்தத்துக்குக் கொண்டுவந்தவர் ரிக்கிடோசான்.

கொரியாவில் பிறந்தவர், அதை ஜப்பானில் மறைத்தே வாழ்ந்தார். சுமோவில் மூன்றாம் நிலையான செகிவாகே வரை போய், 1950இல் வெறுத்துப்போய்த் தன் குடுமியைத் தானே கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு வெளியேறினார். 1952இல் ஹவாய்க்குப் போனார். அங்கே ஓகி ஷிகினா என்பவர் அவரை மல்யுத்தக்காரனாக ஆக்கினார். 1954 பெப்ரவரி 19இல், டோக்கியோவின் குராமே மண்டபத்தில், ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஷார்ப் சகோதரர் என்ற இரண்டு நெடிய வெள்ளையரோடு மோதினார். தெருமுனைகளில் வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னால் சனம் நெரிந்தது. போரில் தோற்ற ஒரு நாடு, வெள்ளையன் நெஞ்சில் விழுந்த கராத்தே வெட்டுக்குக் கைதட்டியது. அந்தக் கையின் சொந்தக்காரர் கொரியர் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ரிக்கிடோசான் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் பெரியப்பாவிடம். மலாயா றெயில்வேயில் கிளாக்கராக இருந்து, பென்சனோடு ஊருக்குத் திரும்பியவர். சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி அவர் சொல்லும் கதைகளில் பாதி சிங்கப்பூர் ஹேப்பி வேர்ல்ட் அரங்கில் நடக்கும். அங்கே கிங்கோங், இங்கே தாராசிங். அடி விழுகிற இடத்தில் கதிரைக் கையைத் தட்டுவார். கிங்கோங் என்ற எமில் சாயா இன்றைய ருமேனியாவில் பிறந்த ஹங்கேரியர். சிங்கப்பூரை வீடாக்கிக்கொண்டு இந்தியா, மலாயா எங்கும் சுற்றி ஆடிய மலை மனிதர். 1955 நவம்பரில் அவரும் இந்தியப் பயில்வான் டைகர் ஜோகிந்தர் சிங்கும் ஜப்பானுக்குப் போனார்கள். இருவருமாகச் சேர்ந்து ரிக்கிடோசானையும் ஹரோல்ட் சகாடாவையும் இணையாட்டத்தில் வென்றார்கள். ஒரு கிழமையில் ரிக்கிடோசான் தனியாகக் கிங்கோங்கை வென்று ஆசியச் சாம்பியன் ஆனார். பெரியப்பா முதல் பாதியை மட்டும்தான் சொல்லுவார். இரண்டாம் பாதியை நான் வளர்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சகாடாவும் லேசுப்பட்ட ஆளில்லை: 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குப் பாரம் தூக்கி வெள்ளி எடுத்தவர், பிறகு 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் தொப்பியை வீசி ஆட்களைக் கொன்றாரே, அவர்தான்.

ரிக்கிடோசான் 1960இல் இரண்டு பையன்களை எடுத்தார். ஒருவர் யோமியூரி ஜயன்ட்ஸ் பேஸ்போல் அணியில் பந்து வீசிய, இரண்டு மீற்றரையும் தாண்டிய உயரமுள்ள ஷோஹெய் பாபா. மற்றவர், பதினாலு வயதில் குடும்பத்தோடு கப்பலேறிப் பிரேசிலில் கோப்பித் தோட்டத்துக்குப் போன இனோக்கி. போகிற வழியிலேயே கப்பலில் தாத்தாவைப் பறிகொடுத்த பையன். பிரேசிலில் குண்டும் தட்டும் எறிந்துகொண்டிருந்தவனைப் பதினேழு வயதில் கண்டு திருப்பிக் கூட்டிவந்தார். 1960 செப்டெம்பர் 30ஆம் திகதி இருவருக்கும் முதல் ஆட்டம், ஒரே மேடை. பாபா வென்றார். இனோக்கி தோற்றார்.

அடுத்த வருடமே பாபா அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு அங்கே காசும் பெயரும் சம்பாதிக்கத் தொடங்கினார். இனோக்கி ஊரில் இருந்து ரிக்கிடோசானின் பெட்டி தூக்கினார், முதுகு தேய்த்தார், அடியும் வாங்கினார். அந்த அடிகளைப் பற்றி அவர் பின்னாளில் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறார். 1963 டிசெம்பரில் இரவு விடுதி ஒன்றில் கத்திக்குத்துப்பட்டு ஒரு கிழமையில் ரிக்கிடோசான் இறந்துபோனார். 1964இல்தான் இனோக்கிக்கு அமெரிக்கப் பயணம் வாய்த்தது. வெளிநாட்டுக்கு அனுப்புவது என்ற வழக்கம் ஒரு பட்டமளிப்பாக ஆனது இந்த இரண்டு பேரின் கதையில்தான் என்று நினைக்கிறேன். போனவன் ஆளாகிறான், போகாதவன் பெட்டி தூக்குகிறான். பிறகு தலைவர் ஆனதும் இனோக்கி இதை ஒழித்தாரா? இல்லை, அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார். அடி வாங்கி வளர்ந்தவர்களிடம் நான் அடிக்கடி காணும் குணம் இது.

1972 ஜனவரியில் இனோக்கி தன் கழகமான நியூ ஜப்பானைத் தொடங்கியபோது தொலைக்காட்சி ஒப்பந்தம் கிடையாது. டோக்கியோவின் செடகாயாவில், தாமா ஆற்றுப் பக்கம், நோகே என்ற இடத்தில் இருந்த தன் வீட்டையே பயிற்சிக்கூடமும் விடுதியுமாக மாற்றினார். மார்ச் 6இல் நடந்த முதல் நிகழ்ச்சியில் அவரைத் தோற்கடித்தவர் கார்ல் கோட்ச்.

கோட்ச் ஆண்ட்வெர்ப்பில் பிறந்தவர்; 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெல்ஜியத்துக்காக மல்லுக்கட்டியவர். சகாடா பாரம் தூக்கிய அதே ஒலிம்பிக். அதன் பிறகு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊரான விகனில், பில்லி ரைலி என்பவரின் கூடத்தில் போய் விழுந்தார். அங்கேதான் மூட்டு முறிக்கும் பிடிகளைப் படித்தார். உடம்பைப் பழக்க இரும்புக் குண்டு தூக்குவதில் அவருக்கு நம்பிக்கையில்லை. இனோக்கியின் கூடத்தில் பயிற்சி கொடுக்க வந்த அவர் இளஞ்சிங்கங்களுக்கு விதித்தது மூன்று: தண்டால், பஸ்கி, கழுத்தை ஊன்றி வில்லாக வளையும் பாலம். கர்லாக்கட்டை சுழற்றலும் உண்டு. பஸ்கி என்றால் இருபது முப்பது இல்லை. ஐந்நூறில் தொடங்கும், கூடத்துக்குச் சேர்க்கும் பரீட்சையிலேயே ஐந்நூறு. ஆயிரம் போகும்போது காலடியில் வேர்வை குளமாகிவிடும்.

கைகளை முன்னும் பின்னும் வீசி, குதி உயர்த்தி, குந்தி எழும்புகிற அந்தப் பஸ்கியையும், பாம்பு போல நெளிந்து ஏறும் அந்தத் தண்டாலையும் நம்மில் யாரும் புதிதாகப் பார்க்க வேண்டியதில்லை. சிலம்பக் கூடங்களிலும் தேகப் பயிற்சிக் கூடங்களிலும் காலங்காலமாகப் பார்த்ததுதான். ஜப்பானியர் இன்றுவரை அதை 'ஹிந்து ஸ்குவாட்' என்றே சொல்கிறார்கள், ஒளித்து வைக்கவில்லை. 1910இல் காமா பயில்வான் லண்டனுக்குப் போய், ஸ்பிஷ்கோ என்ற போலந்துக்காரரை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நிலத்தோடு அமுக்கி வைத்திருந்தார். ஆட்டம் முடிவில்லாமல் போனது. மறு கிழமை திரும்ப மோதுவதற்கு ஸ்பிஷ்கோ வரவேயில்லை. இந்தியப் பயில்வான்கள் எப்படி இந்த மூச்சுப் பிடிக்கிறார்கள் என்று ஐரோப்பிய மல்யுத்தக்காரர் ஆராயத் தொடங்கியது அதன் பிறகுதான். விகன் வழியாகக் கோட்ச் கொண்டுவந்தது ஒரு பாதை. சிங்கப்பூர் வழியாக 1955இல் ஜோகிந்தர் சிங்கின் கூட்டத்தோடு வந்தது இன்னொரு பாதை என்பது என் ஊகம். நோகேயில் நடப்பதை 'ஜப்பானிய ஒழுக்கம்' என்று மேற்கத்தியர் வாய் பிளக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். சட்டி சுமோக்காரருடையது, சரி. முழங்கால் நம்முடையது.

இந்தக் கூடத்தில் விளைந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் சடோரு சயாமா. 1975இல் பதினேழு வயதில் நோகேக்கு வந்தார். ஆள் கட்டை, பெரிய உடம்புகளின் உலகத்தில் அதுவே பெரிய குற்றம். இனோக்கிக்குப் பெட்டி தூக்கும் பையனாக இருந்தார். 1976இல் முதல் ஆட்டம். ஓய்வு நேரத்தில் கிக்பொக்சிங் கூடத்துக்குப் போய்ப் பழகினார். 1978இல் அவரை மெக்சிக்கோவுக்கு அனுப்பினார்கள். அங்கே உயரத்தை யாரும் கேட்பதில்லை. பறக்கத் தெரிந்தால் போதும். மறு வருடமே உலக நடுத்தர எடைப் பட்டத்தை வென்றார்.

1980இல் இங்கிலாந்து. சனிக்கிழமைப் பின்னேரம் ஐடிவி தொலைக்காட்சியில் மல்யுத்தம் போகும். வயோதிபப் பெண்கள் கைப்பையால் மல்யுத்தக்காரருக்கு அடித்த காலம். அங்கே சடோரு சயாமா என்ற பெயர் விலைப்படாது என்று 'சமி லீ' ஆக்கினார்கள். புரூஸ் லீக்குச் சொந்தம் என்று கதை கட்டினார்கள். புரூஸ் லீ செத்து ஏழு வருடம். அவர் சீனர், இவர் ஜப்பானியர். அது யாருக்கு வேணும்? கூட்டத்துக்குக் கண் சிறுத்த ஒரு பையன் எம்பி உதைத்தால் போதும். நான் நோர்வேக்கு வந்த புதிதில் எனக்குப் பாகிஸ்தானியன் என்ற பட்டம் தந்திருந்தார்கள். திருத்திக் களைத்துப்போய் விட்டுவிட்டேன். சயாமாவும் திருத்தவில்லை, ஆனால் அந்தப் பொய்ப் பெயரை வைத்துக்கொண்டு ஆங்கிலேய மேடைகளில் யாரும் கண்டிராத வேகத்தில் சுழன்றார். அரங்குகள் நிரம்பின.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது டோக்கியோவிலிருந்து 'வா' என்று கட்டளை. 1968இல் வெளிவரத் தொடங்கிய 'டைகர் மாஸ்க்' என்ற படக்கதைக்குப் புதிய கார்ட்டூன் தொடர் வருகிறது. நிஜ டைகர் மாஸ்க் ஒருவர் களத்தில் தேவை. 1981 ஏப்ரல் 23, மறுபடி குராமே மண்டபம். முகமூடியைக் கண்டதும் சயாமாவுக்கு அழுகை வராத குறை. அவசரத்தில் தைத்த துணி, அதன் மேல் கறுப்பு மையால் புலிக்கோடு. கூட்டம் சிரித்தது. எதிரே நின்றவர் டைனமைட் கிட் என்ற டொம் பில்லிங்டன். விகனுக்குப் பக்கத்து ஊரான கோல்போர்னில் பிறந்தவர். மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் கையை முறுக்க, மற்றவர் நிலத்தில் புரண்டு, தலையால் நின்று, துள்ளி எழுந்து கையை விடுவிக்கிறார். கயிற்றில் பட்டுத் திரும்பி வரும் வேகத்தில் உதை. பத்து நிமிடத்துக்குள் முடிந்த ஆட்டம் அது. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஜப்பானியப் பிள்ளைகள் எல்லாம் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தத் தொடங்கியது அதன் பிறகுதான். பாரம் குறைந்தவர்களுக்கென்று உலகம் முழுக்க இன்றைக்கு நடக்கும் ஆட்டமுறைக்கு அந்தப் பத்து நிமிடம் தாய்.

இரண்டே வருடம். 1983 ஆகஸ்டில் சயாமா கழகத்தை விட்டுப் போனார், வயது இருபத்தைந்து. நிஜச் சண்டைதான் வேணும் என்று 1985இல் 'ஷூட்டோ' என்ற புது முறையைத் தொடங்கினார். பில்லிங்டனின் முதுகு போய், சக்கர நாற்காலியில் இருந்து, 2018இல் செத்தார்.

வெளிநாடு போன பையன்களுக்குக் கிடைத்த வேஷங்களைப் பற்றி யாராவது தனியாகவே எழுத வேண்டும். உப்பை வீசிக் கண்ணைக் குருடாக்கும் கள்ள ஜப்பானியன் என்பது அமெரிக்காவில் பழைய பாத்திரம். மசாஷி ஒசாவா என்ற நீகாத்தாக்காரர் 'கில்லர் கான்' என்ற மங்கோலியரானார். 1984 ஒலிம்பிக்கில் மல்லுக்கட்டிய ஹிரோஷி ஹசே, கனடாவின் கல்கரியில் முகமூடி போட்டு 'வியட்கொங்' ஆக ஆடினார்! ஜப்பானிய உடம்பு, வியட்நாம் பெயர், கனடாச் சம்பளம். அதே ஹசே 2015இல் ஜப்பானின் கல்வி அமைச்சர். 2022இல் இஷிக்காவா மாகாண ஆளுநர். இந்த வழக்கத்தில் எனக்குக் கசக்கிற பகுதி இதுதான். அடுப்படி வேலையை விட இது கேவலம். ஆனால் கூட்டம் தன்னை வெறுக்கும்படி ஒரு மணி நேரம் நிற்கத் தெரிந்தவனுக்கு வேறு எந்த மேடையும் பயமில்லை என்பதையும் மறுக்க மாட்டேன்.

நோர்வேயில் இந்தத் தொழில் வேர்விடவில்லை. தொழில்முறைக் குத்துச்சண்டையையே 1981இல் சட்டம் போட்டுத் தடுத்த நாடு. 2014 கடைசியில்தான் அதைத் தளர்த்தினார்கள். ஆனால் ஒலிம்பிக் மல்யுத்தம் தெரியும். என்னோடு வேலை செய்த ஒரு நோர்வேஜியக் கிழவர், நான் ஜப்பான் பேச்சை எடுத்தாலே யூன் ரோனிங்கனின் பெயரைச் சொல்லுவார். 1988 சோல் ஒலிம்பிக்கில், 52 கிலோ கிரேக்க‑ரோமன் இறுதியாட்டத்தில், ஜப்பானின் அட்சுஜி மியாஹாராவை வென்று தங்கம் எடுத்தவர் ரோனிங்கன், 1992இலும் எடுத்தார். கிழவருக்கு மல்யுத்தம் அங்கே தொடங்கி அங்கேயே முடிகிறது. 2021 அக்டோபரில் உலக மல்யுத்தப் போட்டி ஒஸ்லோவின் யோர்டால் அரங்குக்கு வந்தது. இங்கிருந்து றெயிலில் பன்னிரண்டு நிமிடம், பிறகு கொஞ்சத் தூரம். அக்காரி ஃபுஜினாமி என்ற பதினேழு வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை 53 கிலோவில் தங்கம் எடுத்தாள். அதே போட்டியில் இந்தியாவின் அன்ஷு மாலிக் வெள்ளி எடுத்தார். உலகப் போட்டியின் இறுதிக்கு வந்த முதல் இந்தியப் பெண்.

பதினேழு வயதுப் பெண்பிள்ளை என்றதும் அகில ஜப்பான் பெண்கள் மல்யுத்தக் கழகத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1968இல் தொடங்கியது. இப்போது இல்லை. அந்த நாளில் பதினைந்து வயதில் எடுப்பார்கள். மதுவும் புகையும் ஆண் சிநேகிதமும் கூடாது. இருபத்தைந்து வயது வந்தால் வீட்டுக்குப் போ. நோகேயின் கெடுபிடியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. சிகுசா நாகயோ பதினைந்தில் வந்தவர். 1985 ஆகஸ்டில் ஒசாக்காவில், தோற்றால் மொட்டை என்ற பந்தயத்தில் டம்ப் மட்சுமோட்டோவிடம் தோற்று, நடுக்களத்தில் தலை வழிக்கப்பட்டபோது வயது இருபது. அரங்கம் நிறையப் பள்ளிக்கூடப் பெண்கள் குமுறிக் குமுறி அழுதார்கள். முடிவு பேசி வைத்தது என்றாலும் வழித்த தலை வழித்த தலைதான்.

நோகேக்குத் திரும்புவோம். கெயிச்சி யமாடா என்ற ஹிரோஷிமாப் பையனுக்கு உயரம் காணாது, கழகம் எடுக்கவில்லை. அவர் கழகம் அனுப்பாமலே, தன் காசில் மெக்சிக்கோவுக்குப் போனார். அங்கே கண்டுபிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். 1984இல் முதல் ஆட்டம். 1989இல் முகமூடி போட்டு ஜூஷின் லைகர் ஆனார். உலகப் பெயர் எடுத்த பிறகும், குடும்பம் ஃபுக்குவோக்காவில் இருக்க, நோகே விடுதியிலேயே ஓர் அறையை வைத்துக்கொண்டு இருந்தார். புதுப் பையன்கள் சட்டி கழுவ எழும்பும்போது அவர்களுக்கு முன்னால் எழும்பிப் பயிற்சிக்கு நிற்பாராம். 2020 ஜனவரியில் டோக்கியோ டோமில் ஓய்வு பெற்றார்.

இப்போது போக்குவரத்து இரு பக்கமும் நடக்கிறது. 2006இல் அயர்லாந்துக்காரர் ஃபேர்கல் டெவிட் நோகேக்குப் போனார். 2015இல் நியூசிலாந்தின் ஜே வைட் கறுப்பு ஜட்டியோடு அங்கே தொடங்கி, 2016இல் ஜப்பானிய வழக்கப்படியே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2017 கடைசியில் திரும்பினார். 2018இல் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு கிளைக் கூடமே திறந்துவிட்டார்கள். கசக்ஸ்தானின் ஓலெக் போல்டின், ஒலிம்பிக் முறை மல்யுத்தத்திலிருந்து வந்தவர், 2023இல் இளஞ்சிங்கமாக இறங்கினார். அவர் ஆடிய முதல் வருட ஆட்டங்களைத்தான் போன கிழமை மருமகனுக்குப் போட்டுக் காட்டினேன். "இவன் நல்லாத் தூக்கிறான், மாமா" என்றான். கிங்கோங்கைப் பார்த்தவர்கள் இருந்தால் என்ன சொல்லுவார்களோ. எனக்கும் தூக்கல் பிடித்துத்தான் இருந்தது.